மாமா பெயருக்கு வந்த உழவர் பணம்

மாமா இறந்து நாலு மாதம் கழித்து, அரசாங்கத்தின் உழவர் உதவித்தொகை அவர் கணக்கில் ஏறியது. நானும் அத்தையும் அப்போது பருத்திக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தோம். மாமாவின் போனை அத்தைதான் இடுப்பில் செருகி வைத்திருப்பார். அது சத்தம் போட்டதும் என்னிடம் நீட்டினார்.

"என்னன்னு வாசி பாப்போம்."

"உழவர் பணம் வந்திருக்கு அத்தே. மாமா பேருக்குத்தான்."

அத்தை களைக்கொத்தியை வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ வாசி."

அன்றைக்கு மூன்று முறை வாசித்தேன்.

என் கணவருக்குத் திருப்பூரில் வேலை. மாமா போனபிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டு அண்ணாச்சி, "சும்மா இரிங்க மதினி. வாரது வரட்டும், யாரு கேக்கப் போறா?" என்றார். அத்தையும் சும்மாதான் இருந்தார். ஆனால் அது பணத்துக்காக இல்லை என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் மாமா பெயரை எடுத்தாகிவிட்டது. வாக்காளர் பட்டியலிலும் இல்லை. உயிரோடு இருப்பவர்போல அவர் பெயர் மிச்சமிருந்த இடம் இது ஒன்றுதான்.

உதவித்தொகையின் அடுத்த தவணை வரும் சமயத்தில், ஒருநாள் காலையில் அத்தை தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றார்.

"சங்கரன்கோவில் போவோம்ட்டி. அவுக யார்கிட்டயும் ஒரு பீடி ஓசி வாங்கினதில்ல. செத்தபொறவு இந்தப் பேரு எதுக்கு அவுகளுக்கு?"

சங்கரன்கோவில் வேளாண்மை அலுவலகத்தில் நல்ல கூட்டம். பணம் ஏன் வரவில்லை என்று கேட்கத்தான் எல்லோரும் வந்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் இருந்தது என் வயதுப் பெண் அதிகாரி.

"எங்க வீட்டுக்காரருக்குப் பணம் வருதும்மா. அத நிப்பாட்டணும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "நிப்பாட்டவா? ஏம்மா?"

"அவுக இல்ல."

அத்தை வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். அந்தப் பெண் எழுந்து வந்து தன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். இறந்தபின் வந்த தவணையைத் திருப்பிக் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, "இப்ப நெலத்துல யாரு பாடுபடுதா?" என்று கேட்டார்.

"நானும் என் மருமகளும்."

"அப்ப நீங்கதான விவசாயி? பட்டாவ உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க. உங்களுக்கே எழுதலாம்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் காட்டில்தான் கிடக்கிறார். இது ஏன் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வந்த தவணையைக் கட்டினோம். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் மாதக்கணக்கில் அலைந்தோம். என் கணவர் லீவு போட்டு வந்து கையெழுத்துப் போட்டார். கடைசியில் உதவித்தொகைக்குப் பதியப் போனபோது, அதே அலுவலகத்தில் அத்தையின் பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தும் மெஷின் ரேகையை எடுக்கவில்லை. தேய்ந்து போயிருந்தது. ரேகைக்குப் பதிலாக முகத்தைப் பதிய, அந்தப் பெண் தன் போனை அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"கண்ணச் சிமிட்டுங்கம்மா."

அத்தை விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, "ஏட்டி, இத்தன ஆம்பளையாளு இருக்கையில கண்ணச் சிமிட்டச் சொல்லுதாளே!" என்றார். மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். வரிசையே சிரித்தது. அத்தையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். மாமா போனபிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துவிட்டு, ஒருவழியாகச் சிமிட்டினார். போன் ஏற்றுக்கொண்டது.

அத்தை பெயருக்கு முதல் தவணை வந்தது ஐப்பசியில், விதைப்பு நேரம். உளுந்து விதை வாங்கப் போனோம். கடைக்காரர் பழக்கத்தில் ரசீதில் மாமா பெயரை எழுதப் போனார். அத்தை தன் பெயரைச் சொன்னார். கடைக்காரருக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் சத்தமாக மறுபடி சொன்னார். பையை நான் தூக்கிக்கொண்டேன். ரசீதை மட்டும் அத்தை என்னிடம் தரவில்லை.