மரியாதையான ஒரு வரி

துபாயில் நான் வேலை பார்த்த வக்கீல் அலுவலகத்தில் என் பதவிக்குப் பெயர் மார்க்கெட்டிங். செய்ததெல்லாம் எழுத்து வேலை. புதிதாக ஒரு சட்டச் சிக்கல் முளைத்தால் நான் கட்டுரை எழுதுவேன். சீனியர் வக்கீல் நாலு சொல்லைத் திருத்துவார். அவர் பெயரும் கோட் போட்ட படமுமாக அது கம்பெனி கம்பெனியாக ஈமெயிலில் போகும். படித்தவர்கள் நாளைக்கு எங்களைத் தேடி வரவேண்டும், அதற்குத்தான். இதை அவர் ‘தாட் லீடர்ஷிப்’, அதாவது சிந்தனைத் தலைமை, என்பார். தாட் என்னுடையது, லீடர்ஷிப் அவருடையது என்று நான் வீட்டில் கேலி செய்வேன்.

பண நெருக்கடியில் கட்டடங்கள் பாதியில் நின்றுபோன வருடம், ஆட்களை வேலையை விட்டு அனுப்பும் கம்பெனிகளுக்கு யோசனை சொல்லி ஒரு கட்டுரை கேட்டார். என் கணவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இஞ்சினியர். என் விசா, மகளின் விசா இரண்டும் அவர் வேலையை நம்பித்தான் இருந்தன. எழுத உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பத்தி முடிவதற்குள் இரண்டு டீ, கணவருக்கு மூன்று போன்.

“உங்க ஆபீஸ்ல ஏதாவது சொன்னாங்களா?”

“ஒண்ணும் இல்ல. நீ உன் வேலையப் பாரு.”

பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன் என்பதுதான் இன்றும் வெட்கம். வேலையை விட்டு அனுப்பும் கடிதத்தில் இப்படி ஒரு வரி சேருங்கள் என்று நானாகவே எழுதினேன்: ‘இந்த முடிவு உங்கள் உழைப்பில் குறை கண்டு எடுத்ததல்ல, உங்கள் பங்களிப்பை நாங்கள் என்றும் மதிப்போம்.’ மரியாதையாக அனுப்பினால் புகார் கொடுக்க மனசு வராது என்று கீழே விளக்கம் வேறு. சீனியர் “பிரில்லியன்ட்” என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், பஸ்ஸில் நசுங்கி எங்கள் ஸ்டாப்பான ரோலாவில் இறங்கி வீட்டுக்கு வந்தால், என் கணவர் எனக்கு முன்பே வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். டீப்பாயில் ஒரு கடிதம். நாளையிலிருந்து வர வேண்டாமாம். செருப்பைக் கழற்றாமலே படித்தேன். மூன்றாவது பத்தியில் என் வரி, ஒரு எழுத்துக்கூட மாறாமல்.

“ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கணுங்க, சட்டம் இருக்கு. அதுக்குள்ள பாப்பா பரீட்சையாவது எழுதிடுவா. நாளைக்கே லேபர் ஆபீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுங்க.”

“விடு. எவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க பாரு. என் உழைப்புல குறை இல்லைன்னே சொல்லிட்டாங்க. இவங்க மேலயா கம்ப்ளெயின்ட்?”

சமையலறைக்குப் போனேன். பால்கனிக்குப் போனேன். திரும்பி வந்தேன். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம். அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

“அந்த வரி நான் எழுதினதுங்க. எங்க ஆபீஸ்ல. யாரை அனுப்பினாலும் போட்டுக்கலாம்னு எழுதிக் குடுத்தேன். வேலை போனவங்க கம்ப்ளெயின்ட் குடுக்காம இருக்கறதுக்குத்தான்.”

அவர் கடிதத்தை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தார். சத்தம் போடுவார் என்று காத்திருந்தேன். போட்டிருந்தால் தேவலை.

“அப்போ என் வேலையப் பத்தி அவங்க எதுவுமே சொல்லலையா?” என்று கேட்டார்.