சல்லிக் கரை தெரியும் இடம்

கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில், ஒரு வளைவில்தான் முதன்முதலாக எனக்கு மூச்சு முட்டியது. கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய் உருண்டு விழாமல் ஒரு கையால் அதைப் பிடித்து, மறு கையைப் பாறையில் ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அந்தத் தட்டைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கும் என் கணவருக்கும் உயரமான இடங்களுக்கு நடந்து போய், நின்று பார்ப்பதில் ஒரு பைத்தியம். கலியாணமான புதிதில் கன்னியா வெந்நீரூற்றுப் பக்கத்துக் குன்றுகளில் ஏறாத ஞாயிற்றுக்கிழமை குறைவு. சண்டை தொடங்கியபின் குன்று என்றால் அதன் உச்சியில் ஒரு காவலரண் என்றாகிவிட்டது. சும்மா நின்று துறைமுகத்தைப் பார்ப்பவரை யாரும் சும்மா விடுவதில்லை. எங்களிடம் காரணம் கேட்காமல் ஏறவிடும் உயரம் கோயில்மலை ஒன்றுதான். அதுவும் கோட்டைக்குள், இராணுவத்தைத் தாண்டி. ஆகவே தேங்காயும் பழமும் வாங்கிக்கொண்டு கடல் பார்க்கப் போனோம். ஐயர் மந்திரம் சொல்லும்போதே என் மனம் வெளியே போய்விடும். கடவுளைச் சாட்டாக வைத்ததற்கு இதுதான் கூலி என்று பின்னர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நினைத்திருக்கிறேன்.

கோட்டை வாசல் சென்றியில் (இராணுவக் காவலரணில்) அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது எல்லோருக்கும் நெஞ்சு அடிக்கும். எனக்கும் அடித்தது. மேலே ஏறும்போது அடித்ததையும் அந்தப் பயத்தோடு சேர்த்துவிட்டோம்.

“இஞ்சேரும், சென்றி தாண்டியாச்சு. இன்னும் ஏன் நடுங்குறீர்?” என்று கணவர் பகிடி பண்ணுவார்.

“நான் பயந்தாங்கொள்ளிதானே, விடுங்கோவன்” என்பேன்.

நெடுநாள் அப்படியே போயிற்று. பிள்ளையைக் காணவில்லை என்று தாய்மார் அலைந்துகொண்டிருந்த ஊரில், நெஞ்சு படபடக்கிறது என்று டொக்டரிடம் போக எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஆசிரியை; வகுப்பில் கரும்பலகையில் எழுதவே களைத்து, கால் வீங்கிச் செருப்பு இறுகியபிறகுதான் போனேன்.

“எத்தனை தலகணி வைச்சுப் படுக்கிறீங்கள்?” என்று டொக்டர் கேட்டார்.

“மூண்டு. தட்டையாப் படுக்க ஏலாது.”

“முதல்முதல் எங்க மூச்சு வாங்கினது?”

“கோயில் மலையில. சென்றிப் பயம் எண்டு நினைச்சனாங்கள்.”

“சென்றி தாண்டினாப் பிறகும் அடிச்சதோ?”

“ஓம். உச்சிக்குப் போய் இருக்குமட்டும்.”

“அப்ப அது பயமில்லை, ரீச்சர்.”

மைட்ரல் வால்வுச் சுருக்கம் (இதயத்தின் இடப்பக்கத்து இரண்டு அறைகளுக்கும் நடுவே உள்ள கதவு ஒடுங்கிப்போவது) என்றார். சிறுவயதில் எனக்கு வந்த மூட்டுவாதக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்து மூட்டையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல்) விட்டுப்போன வடு. கொழும்பில்தான் சத்திரசிகிச்சை செய்யலாம். அதுவரை உடம்பில் தேங்கிய நீர் இறங்க வார்ட்டில் படுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் கணவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார். “பகிடி பண்ணினனே” என்று மட்டும் சொன்னார்.

வார்ட்டில் ஒரு பிற்பகல் காயக்காரரை ஏற்றிவந்தார்கள். கட்டில் போதவில்லை. என் கட்டிலுக்குக் கீழே பாயில் ஒரு பெண்ணைக் கிடத்தினார்கள். நகருக்கு வடக்கே சல்லி என்ற கடற்கரை ஊரில் கருவாடு காயவைக்கிறவள், பெயர் செல்வமணி. கரைக்குப் போகும் வழியில் மிதிவெடி. முழங்காலுக்குக் கீழே ஒரு கால் இல்லை.

எனக்கு இரண்டு காலும் இருந்தன. கட்டிலும் இருந்தது. இறங்கப் போனேன். தாதி விடவில்லை. “நீங்கள் கீழ படுத்தால் உங்களுக்கு மூச்சு நிண்டிடும். பேசாமல் இருங்கோ” என்று அதட்டினாள். அவள் சொன்னது சரிதான். ஆனால் தலகணிகளில் சாய்ந்து, கீழே ஒருத்தி முனகுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது என்பது எந்த ஆறுதலையும் தரவில்லை. அவள் கண்ணைத் திறந்தாலே நான் தூங்குவதுபோல் பாவனை செய்தேன்.

இரண்டொரு நாளில் அவளே பேச்சுக் கொடுத்தாள். மலையேறுவது பற்றிச் சொன்னேன்.

“கோயிலுக்குப் போனால் கும்பிட்டிட்டு ஓடி வாறதுதான். நிண்டு பார்க்க எங்க நேரம்?” என்றாள். “மேல நிண்டால் எங்கட சல்லி தெரியுமோ, ரீச்சர்?”

“தெரியும் எண்டு நினைக்கிறன்.”

“சுகமாகிப் போனால் பார்த்துச் சொல்லுங்கோ. இனி நான் எங்க ஏறுறது.”

கொழும்பில் பழைய வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது அதன் சத்தத்தைத்தான்: டிக், டிக். உங்களில் யாருக்காவது இந்த வால்வு வைக்கப் போகிறார்கள் என்றால் பயப்பட வேண்டாம், பழகிவிடும். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரை) வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். மாதந்தோறும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். சண்டையால் பாதை பூட்டினால் மாத்திரைக்கு என்ன செய்வது என்பதுதான் எங்கள் வீட்டின் பெரிய கவலையாக இருந்தது.

தினமும் கொஞ்சம் கூடுதலாக நடக்கச் சொன்னார்கள். முதலில் நாங்கள் குடியிருந்த ஓர்ஸ் ஹில்லில் எங்கள் ஒழுங்கையின் (சந்தின்) ஏற்றம். சில மாதம் கழித்துக் கோயில்மலை. கோட்டை வாசலில் என்னைத் தடவிச் சோதித்த பெண் சிப்பாய் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். எனக்குச் சிங்களம் போதாது. சட்டைக் கழுத்தைக் கொஞ்சம் இறக்கித் தழும்பைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. போகச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே பயத்தில்தான் நெஞ்சு அடித்தது. வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

மேலே போய்ச் சேர்ந்தேன். மூச்சு முட்டவில்லை. அழுகை வந்தது. ஆனால் துறைமுகவாய்ப் பக்கம் மட்டுமே பார்த்தேன். வடக்கே திரும்பவில்லை. இரண்டு காலால் ஏறி வந்து அவளுடைய ஊரை வேடிக்கை பார்க்க எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். அப்போது அது ஒரு பெரிய நல்ல குணம்போலத் தோன்றியது.

பிறகு ஒருநாள் சல்லிக்குப் போனேன். செல்வமணி ஊன்றுகோலோடு கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் நிலத்தில கிடக்க, நான் கட்டில்ல படுத்திருந்தனான்.”

“என்ன கட்டில்?” என்றாள். “எனக்கு அந்த நாள் ஒண்டும் ஞாபகமில்லை. அதை விடுங்கோ. மேல ஏறினீங்களோ? சல்லி தெரிஞ்சதோ?”

“பார்க்கேல்ல.”

“ஏறியும் பார்க்கேல்லையோ?”

அவள் முகம் வாடியதை இப்போதும் மறக்க முடியவில்லை. கட்டிலுக்காக அவள் என்னைக் குறை நினைக்கவேயில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, அதைத்தான் நான் செய்யவில்லை. என் குற்ற உணர்வை நான் பொத்திப் பொத்தி வளர்த்ததில் அவளுக்கு ஒரு பயனும் இருக்கவில்லை. நோயிலிருந்து எழும்பி வந்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்.

அடுத்த வெள்ளிக்கிழமையே ஏறினேன். நோய் வருமுன் ஒரே மூச்சில் ஏறிய பாதையில் இப்போது அவசரப்படாமல் வளைவுக்கு வளைவு நிற்கிறேன். நிற்கும்போதும் நெஞ்சு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது. நேரம் எனக்கு வெளியே ஓடுவதில்லை, உள்ளே இருந்து கேட்கிறது. உச்சியில் வடக்கே திரும்பிக் கண் கூசக் கூச நின்றேன். வெள்ளைக் கோடாக ஒரு கரை. அதில் கறுப்பாகச் சில புள்ளிகள், வள்ளங்கள்.

போய்ச் சொன்னேன். செல்வமணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை வள்ளம்? கரையிலா, தண்ணியிலா? ஊர்க் கோயில் தெரியுதோ? பேச்சு நின்ற இடத்தில் சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது.

“என்ன ரீச்சர், உள்ளுக்க மணிக்கூடோ?”

“ஓம். நான் இருக்குமட்டும் அடிக்கும்.”

“அப்ப நேரம் இருக்கு. அடுத்தமுறை ஏறேக்க எங்கட கிணத்தடித் தென்னை தெரியுதோ எண்டு பாருங்கோ.”

“உங்கட நட்சத்திரம் என்ன?” என்று கேட்டேன்.

“ஏன்?”

“அர்ச்சனைக்கு. மேல ஏற எனக்கு ஒரு காரணம் வேணும்.”

அவள் கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்தவில்லை. “ரோகிணி” என்றாள்.