திரும்பி வருவதற்கு ஒரு ஆதாரம்

மாமோய், லண்டனில் நம் மகள் செல்விக்கு எட்டாம் மாதம். விசாவுக்கு மறுபடி எழுதிக்கொடுக்க இன்றைக்கு அக்ரஹாரத்துக் கன்னட ஏஜென்ட்டிடம் போனேன்.

"போன வருஷம் லண்டன் ஏர்போர்ட்ல இருந்தே ஏன் உங்க ரெண்டு பேரையும் திருப்பி அனுப்பினாங்க?" என்று கேட்டார்.

எத்தனை நாள் தங்குவீர்கள் என்று அங்கே அதிகாரி கேட்டதற்கு, "மக போகச் சொல்ற வரைக்கும்" என்று நீங்கள் பணிவாகச் சொன்னதைச் சொன்னேன்.

ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஜோடியா போனா திரும்ப மாட்டீங்கன்னுதான் நினைப்பாங்க அம்மாவ்ரே. இந்தத் தடவை உங்க யஜமானரை வீட்டுலயே விட்டுட்டுப் போங்க. அவருக்காகத் திரும்பி வருவீங்கன்னு நம்புவாங்க."

"அவரு தவறி மூணு மாசமாச்சுங்க."

பேனாவை மூடினார். "அப்ப கஷ்டம்தான்."

அன்றைக்கு நீங்கள் கூட வந்தது வம்பு. இன்றைக்கு வீட்டில் இல்லாதது வம்பு.

வீட்டில்தான் இருக்கிறேன் என்று ஒரு கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா, மாமா?