தேனியா, கரூரா

எங்கள் ஊரில் மழை எச்சரிக்கை வந்து போன் அலறினால் யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள். மேற்கே திரும்பி, மலை இருக்கிற திசையைப் பார்ப்பார்கள். "கொடைக்கானலுக்குப்பா" என்று ஒருவர் சொல்வார். அதோடு தீர்ந்தது. கொடைக்கானலும் திண்டுக்கல் மாவட்டம்தான், வடமதுரைப் பக்கம் இருக்கிற நாங்களும் திண்டுக்கல் மாவட்டம்தான். மாவட்டத்துக்குக் கனமழை என்று டிவியில் சொல்கிற அன்றைக்கெல்லாம் மலையில் கொட்டித் தீர்க்கும். எங்கள் வெள்ளாமைக் காட்டில் புழுதி பறக்கும். இப்படி வருடக்கணக்கில் ஏமாந்து ஏமாந்து, திண்டுக்கல் என்று வருகிற எச்சரிக்கை எல்லாம் மலைக்காரர்களுக்கு என்று ஊரே முடிவு கட்டிவிட்டது.

என் வீட்டுக்காரர்தான் அந்த முடிவுக்குத் தலைவர். வானத்தைப் பார்த்தே மழையைச் சொல்லிவிடுவேன் என்பார். பாதி நாள் சரியாகச் சொல்லியும் இருக்கிறார். மீதி நாளைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக் கூடாது.

ஒரு ஐப்பசியில் எங்கள் சினைப்பசு மழைக்கு வேப்பமரத்தடியில் ஒதுங்கி, இடி விழுந்து செத்தது. என் கைக்கு மட்டும்தான் பால் கொடுக்கும், வேறு யார் போனாலும் உதைக்கும். அழுது முடித்துவிட்டுச் சாயங்காலம் போனை எடுத்தால், மத்தியானமே வந்த எச்சரிக்கை அதில் அப்படியே நிற்கிறது. ஒரு முக்கோணம், அதற்குக் கீழே நாலு வரி இங்கிலீஷ். சிலருக்குத் தமிழில் வருமாம். என் போனுக்கு என்னவோ இங்கிலீஷ்தான் வாய்த்தது. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பொருள் பிடிபடாது. சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறது அந்த இடி, கேட்கத்தான் ஆளில்லை.

அன்றிலிருந்து வருகிற எச்சரிக்கை எதையும் அழிக்கவில்லை. உலை கொதிக்கிற நேரத்தில் ஒவ்வொரு வார்த்தையாகப் போனிலேயே தமிழ் பார்த்தேன். ஐசோலேட்டட் என்பதற்குத் தனிமைப்படுத்தப்பட்ட இடங்கள் என்று காட்டியது. கொரோனா வந்த வீட்டுக்கு மட்டும் மழை பெய்யுமா என்று எனக்கு ஒரே சிரிப்பு. அங்கொன்றும் இங்கொன்றுமாக என்று பிறகுதான் விளங்கியது. லைட்னிங் மின்னல், கஸ்டி விண்ட் குபீரென்று வீசியடிக்கிற காற்று, நெக்ஸ்ட் த்ரீ ஹவர்ஸ் என்றால் இப்போதிலிருந்து மூன்று மணி நேரம். நான் பயந்த அளவுக்கு அந்த இங்கிலீஷ் பெரிய ஊர் இல்லை, ஒரே ஒரு தெரு. திரும்பத் திரும்ப அதே ஆட்கள்தான் நடமாடினார்கள்.

வார்த்தை பிடிபட்டதும் ஊர்ப் பெயர்களைக் கவனித்தேன். திண்டுக்கல் தனியாக வருவது குறைவு. பக்கத்து மாவட்டங்களோடு சேர்ந்துதான் வரும். தேனியோடு வந்த அன்றைக்கெல்லாம் மலைப்பக்கம் மழை பெய்தது. கரூர், திருச்சியோடு வந்த அன்றைக்கு எங்கள் பக்கம் எங்கேயாவது வெளுத்து வாங்கியது. இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கலெக்டரம்மா சொன்னாச் சரிதான்" என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் நான் போனைக் கையில் எடுத்தாலே கலெக்டரம்மாதான்.

அடுத்த சித்திரையில் சின்ன வெங்காயம் பிடுங்கிப் போட்டிருந்தோம். காட்டின் நடுவில் ஒரு புளியமரம். வெங்காயத்தை அதன் நிழலில் குவித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து தாளை அறுத்துத் தள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் அந்த வேலை எப்போதும் மரத்தடியில்தான். தாழ்ந்த கிளையில் எல்லாருடைய சோற்றுத் தூக்குகளும் தொங்கும். அன்றைக்குப் பக்கத்துக் கிளையில் ஒரு தூளியும் தொங்கியது. எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த ஒரு பெண், கைக்குழந்தையோடு வேலைக்கு வந்திருந்தாள். மஞ்சள் சேலையில் தூளி கட்டி, ஒரு காலால் அதை ஆட்டிக்கொண்டே வெங்காயம் அறுத்தாள்.

உச்சி வெயிலில் அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின.

"கொடைக்கானலுக்கு" என்றார் என் வீட்டுக்காரர், தலையைத் தூக்காமலே. பெண்கள் சிரித்தார்கள்.

நான் வாசித்தேன். திண்டுக்கல், கரூர், திருச்சி. தேனி இல்லை. இடி, மின்னல், காற்று, அடுத்த மூன்று மணி நேரம்.

"ஏங்க, இது மலைக்கு இல்ல. கரூரு போட்டிருக்கு. எல்லாரும் வீட்டுக்குப் போயிருவோம்."

"வானத்தப் பாரு. ஒரு பொட்டு மேகம் இருக்கா? சாயங்காலம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏத்த லாரி வந்து நிக்கும். அம்புட்டையும் யாரு அறுக்குறது, கலெக்டரம்மாவா?"

ஆட்களைக் கூட்டி வருகிற மதினி ஒருத்தி உண்டு. வாய் கொஞ்சம் நீளம். அவளும் சேர்ந்துகொண்டாள். "மழை வந்தா எந்திரிச்சு ஓடிக்கிருவோம் புள்ள. செத்த நேரம் வேலையப் பாக்க விடு."

எங்கே ஓடுவார்கள்? அந்தப் புளியமரத்தின் தூரோடு இன்னும் ஒட்டி நிற்பார்கள். என் மாடும் மழைக்குத்தான் மரத்தடிக்குப் போனது.

கெஞ்சுவது என் குணத்தில் இல்லை. கிளையில் தொங்கிய தூக்குகளை எல்லாம் கழற்றினேன். இரண்டு கையிலும் கொத்தாக மாட்டிக்கொண்டு, "சோறு வேணுங்கிறவுக வீட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன். காட்டின் ஓரத்தில் எங்கள் வீடு, கான்கிரீட் கூரை. பின்னால் ஏச்சும் பேச்சும் கேட்டது. கூடவே காலடிச் சத்தமும் கேட்டது. பசி நேரம், வராமல் என்ன செய்வார்கள்.

திரும்பிப் பார்த்தால் குழந்தைக்காரி மட்டும் தூளியை ஆட்டியபடி அங்கேயே இருக்கிறாள். தூக்குகளை மதினியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடினேன்.

"இப்பத்தான்க்கா கண்ணசந்தா. எடுத்தாக் கத்துவா. நான் இவகூட இங்கனயே இருக்கேன், எனக்குச் சோறு அப்புறம்."

தூளிக்குள் கையை விட்டுக் குழந்தையை அள்ளினேன். அது கத்திய கத்தல் வடமதுரைக்கே கேட்டிருக்கும்.

"உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்காக்கா?"

"ஆமா, பிடிச்சிருக்கு. நட."

"போங்க, போங்க. நான் ஒருத்தனே அறுத்துக்கிறேன்" என்று என் வீட்டுக்காரர் மட்டும் மரத்தடியில் வீம்புக்கு உட்கார்ந்துகொண்டார்.

வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடித்தார்கள். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. குழந்தை இன்னும் சிணுங்கிக்கொண்டிருந்தது, அதன் அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "நல்லா நனைஞ்சு போனோம், தொடைக்கத் துண்டு இருந்தாக் குடு தாயி" என்றாள் மதினி. ஒரே சிரிப்பு. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வாசற்படியை மறித்து உட்கார்ந்தேன், ஒருத்தியையும் வெளியே விடவில்லை.

பிறகு வடக்கே, கரூர்ப் பக்கம், இருட்டியது. புழுதி சுவர் போல எழும்பி வந்தது. வெங்காயத்தின் மேல் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. மழையும் அவரும் ஒன்றாக வாசலுக்கு வந்தார்கள். எட்டிப் பிடித்து உள்ளே இழுத்தேன். அவர் மூச்சு வாங்கி முடிப்பதற்குள் வெளிச்சமும் சத்தமும் ஒரே நேரத்தில் விழுந்தன. வீடு அதிர்ந்தது. புளியமரத்திலிருந்து புகை வந்தது.

மழை விட்டு, இடிச் சத்தமும் அடங்கிய பிறகுதான் போய்ப் பார்த்தோம். மரம் உச்சியிலிருந்து அடி வரை பட்டை உரிந்து வெள்ளையாக நின்றது. தூளி கட்டிய கிளை முறிந்து வெங்காயத்தின் மேல் கிடந்தது, மஞ்சள் சேலை ஓரம் கருகியிருந்தது. குழந்தைக்காரி அந்தச் சேலையை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிறகு வந்து குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். தொடைக்கத் துண்டு கேட்ட மதினி, தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

வெங்காயம் பாதி நனைந்துபோனது. போகட்டும். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், கூடவே கர்வமும். அதை ஏன் மறைக்க வேண்டும்? என் மாட்டைக் காப்பாற்ற விடாத அதே நாலு வரியை நான் ஜெயித்துவிட்டேன். ஈரக் காட்டில் நின்று குழந்தையை உச்சிமுகர்ந்தேன்; அது என் மூக்கைப் பிடித்து இழுத்தது.

இப்போதெல்லாம் போன் அலறினால் தெருவே என்னிடம்தான் கேட்கிறது, "தேனியா, கரூரா?" என்று. சொல்லுவேன். தேனி என்றாலும் இருட்டிக்கொண்டு வந்தால் மரத்தடியில் நிற்காதீர்கள் என்று கூடவே திட்டுவேன். குழந்தைக்காரி இப்போது தானே வாசிக்கிறாள், சில நாள் எனக்கு முன்னாடியே.

என் வீட்டுக்காரர் இன்னும் வானத்தைப் பார்த்துத்தான் மழை சொல்கிறார். போன வாரம் காட்டில் தக்காளி பறித்துக்கொண்டிருக்கும்போது போன் அலறியது. நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால், எல்லாருடைய சோற்றுத் தூக்குகளும் அவர் கையில், வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்.

"இன்னும் வாசிக்கவே இல்லங்க" என்றேன்.

"நடந்துக்கிட்டே வாசி" என்றார்.