சாமி படத்துக்குப் பின்னால் கடைசிப் பக்கம்

செஞ்சியில் வளர்ந்தவர்களிடம் கோட்டைக் கதை விடுவது கஷ்டம். ஒரு மாயாஜால நாவலில், கதாநாயகன் இளவரசியைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டைப் படிகளில் மூச்சு வாங்காமல் ஓடினான் என்று வந்தது. நான் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடிவிட்டேன். "எழுதினவன் ஒரு நாள் வந்து ராஜகிரி ஏறிப் பாக்கட்டும். இளவரசிகூட வேணாம், ஒரு கொடம் தண்ணிய தூக்கினு ஏறட்டும்" என்றேன். என் சிநேகிதி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த கையோடு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போய், முழுசும் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாள்.

அறுபதுகளில் ராக்கெட் பேச்சு டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட நேரம் அது. நாங்கள் இருவரும் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டோடு இருந்தோம். அவளுடைய அத்தா கடைத்தெருவில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்தார். வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளுக்கு ஜின், பறக்கும் கம்பளம், பேசும் கிளி இருந்தால்தான் கதை. எனக்கு ராக்கெட்டும் வேற்றுக் கிரகமும். இரண்டு பேருக்கும் வாய் நீளம்.

"உன் கதையில இன்னா கஷ்டம் வந்தாலும் ஒரு பூதம் வந்து தீத்து வச்சிடுது. அப்புறம் கதை எதுக்கு?" என்பேன்.

"உன் கதையில எல்லாரும் கணக்கு வாத்தியார் மாதிரி பேசறாங்கடி. ஒரு சிரிப்பு உண்டா, ஒரு அழுகை உண்டா?" என்பாள்.

எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடுதான். புத்தகம் நல்லாயிருக்கிறதா இல்லையா என்று எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம். கதையை மட்டும் சொல்லக்கூடாது. ஒருமுறை வாய் தவறி மந்திரவாதி செத்துப்போவதைச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, மகராசி. தெருவில் பார்த்தால் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டு போனாள்.

அந்த நாளில் வாரப் பத்திரிகையில் வருகிற தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்துவைத்து, முடிந்ததும் பைண்டு பண்ணிக்கொள்வது எல்லா வீட்டிலும் உண்டு. பல வருஷம் தேடினாலும் கிடைக்காத நல்ல கதைகள் அப்படித்தான் கை மாறி ஊரைச் சுற்றும். அப்படி நான் சேர்த்த ஒரு விஞ்ஞானத் தொடர்கதை எனக்கு உயிர். இரண்டு சூரியன் காய்கிற ஒரு கிரகத்துக்குப் போய் மாட்டிக்கொள்கிறாள் ஒரு பெண். திரும்பிப் போக வழி இருக்கிறது, ஆனால் போனால் அங்கே வாழ்ந்ததெல்லாம் மறந்துவிடும் என்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். போவாளா, இருப்பாளா? அதுதான் கதை.

கடைசி அத்தியாயம் பொங்கல் மலரில் வந்தது. முடிவு இருக்கிற கடைசிப் பக்கத்தைத் திருப்பினால் பின்பக்கம் முழுக்கக் கலரில் மயில் மேல் முருகன். நான் ஒரு தரம் படித்துவிட்டுக் கீழே வைத்த நேரம், அம்மா அந்தத் தாளைக் கத்தரித்துக் கண்ணாடிக் கடையில் பிரேம் போட்டு, பொட்டும் வைத்துவிட்டாள். நான் போட்ட சத்தத்துக்கு அளவில்லை. "எதுக்குடி கத்தற? உன் கதை எங்கியும் ஓடிப்போவல. சாமிக்குப் பின்னால பத்திரமா இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சூடம் ஏற்றினாள். என்ன செய்வது! கடைசிப் பக்கம் இல்லாமலேயே பைண்டு பண்ணினேன்.

அதைப் படி படி என்று எத்தனை நாள் சிநேகிதியின் உயிரை வாங்கியிருப்பேன். "உன் இரும்புக் கதை எனக்கு வேணாம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளைக்கு வாணியம்பாடி. நல்ல இடம், தங்கமான மனிதர்கள், ஆனால் அந்த வீட்டில் யாருக்கும் கதைப் புத்தகம் வாசிக்கிற வழக்கம் கிடையாதாம். அதைக் கேட்ட அன்றைக்கு அவளே வந்து, "அந்த ரெண்டு சூரியனக் குடு. போறதுக்குள்ள படிச்சித் தொலைக்கிறேன்" என்றாள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசிப் பக்கம் இல்லை என்பதே நினைவுக்கு வராமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ். வியாழக்கிழமை அவளுடைய அம்மா எங்களை அழைக்க வந்தார். பத்திரிகை வைத்துவிட்டு, கையில் இருந்த பைண்டு புத்தகத்தையும் நீட்டினார்.

"காலையிலேர்ந்து பொண்ணு ஒரே அழுவை. பொறந்த வீட்ட விட்டுப் போறோமேன்னு அழுவறான்னு நானும் கூட சேந்து அழுதேன். கடைசியில பாத்தா, புத்தகத்துல ஒரு தாள் இல்லியாம்!"

அவர் போன பிறகு அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த சாமி படத்தைப் பார்த்தேன்.

"நீதான் படிச்சிருக்கியே, போயி வாயால சொல்லிட்டு வா."

"அவ கேக்க மாட்டாம்மா. காதப் பொத்திக்குவா."

"நல்லா சேந்தீங்கடி ரெண்டு பேரும்" என்று முணுமுணுத்துக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குக் கதைப் புத்தகம் என்றாலே வேப்பங்காய். பொய்யை எழுதுகிறான், இதுகள் உட்கார்ந்து படிக்கிறதுகள் என்பாள். அவளிடம் மேற்கொண்டு கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை படத்துக்குப் பூப் போட்டுக் கும்பிட்டாள்.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தவள் முருகனைச் சுவரிலிருந்து இறக்கினாள். "தப்பா நெனச்சிக்காதப்பா, பொண்ணு ஊருக்குப் போவுது" என்று அவரிடமே சொல்லிவிட்டு, பாக்குவெட்டியால் பின்னாலிருந்த ஆணிகளை நெம்பினாள். கடைக்காரன் நான்கு மூலையிலும் பசை தடவி ஒட்டியிருந்தான். ஈரத் துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தும் ஒரு மூலை கிழிந்து, மயில் தோகையில் ஒரு துண்டு அட்டையோடு போய்விட்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மயில் வால்தான? மொளைச்சிக்கும்" என்றாள் அம்மா. குரல் மட்டும் கொஞ்சம் நடுங்கிற்று. "படிக்கவச்சிட்டுக் கையோட கொண்டாந்துடு. வெறும் பிரேம் சுவத்துல இருக்கக்கூடாது."

கல்யாண வீடு ஜேஜே என்று இருந்தது. பிரியாணிக்கு வெங்காயம் உரிக்கிற பெண்களைத் தாண்டி உள்ளே போனேன். அவள் பாயில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் மருதாணி அப்பியிருந்தது. தாளைப் பிடிக்க முடியாது. நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அந்தப் பக்கம் அவள் படித்தாள், இந்தப் பக்கம் நான் முருகனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அட, சீக்கிரம் படியேன்டி என்று மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் நான் சிபாரிசு செய்ததில் அவள் கடைசி வரி வரை வந்த கதை இது ஒன்றுதான்.

படித்து முடித்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"சப்புன்னு முடிச்சிட்டான்."

"இன்னாடி சப்பு? அவ ஊருக்குத் திரும்பிட்டா இல்ல? பெத்தவங்கள விட்டுட்டு அங்கியே கெடக்கணுமா?"

"திரும்பினா சரி. எல்லாத்தையும் மறந்துட்டாளே! மறந்துட்டா, அவ போனதுக்கு இன்னா அர்த்தம்? அத்தினி நாளு அங்க பழகினவங்க என்னாத்துக்கு?"

"அவங்க மறக்கல இல்ல? அவங்களுக்கு நெனப்பு இருக்குது இல்ல? அதான்டி கதை!"

"உன் மூஞ்சி! எங்க ஜின்னு கதையில இப்படி ஒரு முடிவு வருமா?"

"உங்க ஜின்னுக்கு மூளை இருந்தாத்தான!"

குரல் ஏறிக்கொண்டே போயிற்று. வெங்காயம் உரித்தவர்கள், கல்யாணப் பெண்ணோடு யார் இப்படிச் சண்டை பிடிக்கிறது என்று வாசற்படியில் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு ஒரே குஷி. சொல்ல இன்னும் பாக்கி நிறைய இருந்தது. அப்போது அவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அங்க போயி யார்கிட்டடி இப்படி சண்ட போடுவேன்?"

அவள் கண் நிறைந்து வழிந்தது. கையெல்லாம் மருதாணி, துடைத்துக்கொள்ள வழியில்லை. நான் என் முந்தானையால் துடைத்துவிட்டேன்.