மஞ்சள் பூசிய இரும்புக் கால்

அண்ணன் போட்ட சிமெண்டுத் தரை காய்ந்து, லயத்து ஆட்கள் அதன் மேல் மிளகாய் உலர்த்தவும் ஆரம்பித்துவிட்டார்கள். கொட்டகை மட்டும் வரவில்லை. அது சீமையிலிருந்து கப்பலில் வர வேண்டும் என்றார்கள். வந்து சேர்ந்தபோது அண்ணன் இல்லை.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாக்காவில், டுரியான் துங்கால் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. உர மூட்டை வைத்திருந்த அத்தாப்பு ஓலைக் கொட்டகை ஒழுகி, உரமெல்லாம் கல்லாக இறுகிப்போனதால் துரை ஒரு தகரக் கொட்டகைக்குச் சொல்லிவிட்டார். எல்லாம் துண்டு துண்டாக வரும், சேர்த்து முடுக்கினால் போதும், ஆனால் தரை முதலிலேயே தயாராக இருக்க வேண்டும் என்று கணக்கெழுதும் கிராணி சொன்னார். தோட்டத்தில் சிமெண்டு வேலை தெரிந்தவன் அண்ணன்தான்.

தரையின் ஓரம் முழுக்க போல்ட்டுகளைத் தலைகீழாகப் பதித்தான். நட்டு ஏறும் மரை முனை மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கொட்டகையின் இரும்புக் கால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓட்டை போட்ட தகடு உண்டாம். அந்த ஓட்டை போல்ட்டில் இறங்கினால் மேலே நட்டைப் போட்டு இறுக்கிவிடலாம். நான் புல்வெட்டு வேலை முடிந்து வந்து அவனுக்கு நூலின் மறுமுனையைப் பிடிப்பேன். மேற்குப் பக்கம் நடுவில் மட்டும் போல்ட்டே இல்லாமல் அகலமாக இடம் விட்டான். ஏன் என்று கேட்டேன்.

"கதவுடி. லோரி அந்தப் பக்கமாத்தான வருது? மூட்டையத் தூக்கிக்கிட்டு சுத்தி வரச் சொல்றியா?" என்றான்.

மரை துருப்பிடிக்கக் கூடாதென்று என் பச்சைப் பாவாடையைக் கிழித்து, கிரீஸ் தடவி, ஒவ்வொரு போல்ட்டுக்கும் சுற்றிவிட்டான். என்னைக் கேட்கக்கூட இல்லை. இன்னும் ஒரு வருஷம் உடுத்தியிருக்கலாம் என்று அவனோடு சண்டை போட்டேன்.

அண்ணன் குடிக்கவே மாட்டான் என்று சொன்னால் அது பொய். சம்பளம் போட்டால் கள்ளுக்கடைக்குப் போவான். ஆனால் தரை வேலையின் கடைசி நாளில் அவன் தள்ளாடியது கள்ளினால் இல்லை. குளிர்காய்ச்சல். நல்ல வெயிலில் நின்றுகொண்டு பல் கிட்டி நடுங்கினான். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அதன்பின் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். திரும்பக் கொண்டு வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

கருமாதிகூட ஆகவில்லை, லோரி வந்துவிட்டது. தகரம் கட்டுக் கட்டாக, கால்கள் தனியாக, நட்டு ஒரு பெட்டியில். எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் நம்பர். மலாக்கா டவுனிலிருந்து ஒரு சீன ஃபிட்டர் கூட வந்தார். கங்காணி தன் ஆட்களில் சிலரை அவருக்குக் கொடுத்தார். எனக்கு அன்று புல் வெட்ட விட்ட இடம் அந்தத் தரைக்குப் பக்கத்தில்தான்.

எங்களுக்குத் தீட்டு. முதல் கால் நிறுத்தும்போது நான் கிட்டே நிற்கக் கூடாது. கங்காணி என்னைத் தள்ளிப் போகச் சொன்னார். ரப்பர் மரத்தடியில் குனிந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். வாசல் சூரியன் வரும் பக்கம் இருக்கட்டும் என்று கங்காணி சொன்னது காதில் விழுந்தது. வீடானாலும் கொட்டகையானாலும் எங்கள் ஆட்களுக்கு அதுதான் பழக்கம். வாசல் பக்கத்து மூலைக் காலைக் கிழக்குப் பக்க மூலையில் நிறுத்தினார்கள். மூலைக்கு மூலை போல்ட்டு ஒன்றுபோல இருந்ததால் அது ஒழுங்காக இறங்கிவிட்டது. மஞ்சள் பூசினார்கள். மாவிலை கட்டிச் சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். வாசல் மேற்கே என்று எனக்குத் தெரியும். பூசைக்கு நடுவில் தீட்டோடு போய் எப்படிச் சொல்வது? மறுபடி புல்லை வெட்டினேன்.

இன்னும் இரண்டு கால்கள் ஏறின. பிறகுதான் வேலை நின்றது. கதவு வர வேண்டிய இடத்தில் போல்ட்டுகள் முளைத்துக்கொண்டு நின்றன. எதிர்ப்பக்கம் கால் வைக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபிட்டர் மலாயில் என்னவோ கேட்டார். கங்காணி சிரித்தார்.

"கள்ளு குடிச்ச கையி எங்க நேரா வைக்கும்? செத்தும் நமக்கு வேலை வச்சிட்டுப் போயிட்டான் லா."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனின் பாடைக்குத் தோள் கொடுத்த ஆள் ஒருவர் அதில் இருந்தார். அவரும் சிரித்தார்.

ஃபிட்டர் இரும்பு அறுக்கிற ரம்பத்தோடு உட்கார்ந்து, போல்ட்டில் சுற்றியிருந்த பச்சைத் துணியை உருவி எறிந்தார். நான் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுப் போனேன்.

"அறுக்காதீங்க. கதவு மேற்கால வரணும்."

"ஏ புள்ள, தீட்டோட எங்க வர்ற?" என்றார் கங்காணி.

நான் நிற்கவில்லை. லோரி வரும் பக்கம் கதவு என்று அண்ணன் சொன்னதையும், அவன் விட்ட இடத்தையும் சொன்னேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லோரி மேற்கேதான் நின்றது. காலையிலிருந்து தகரத்தை அங்கிருந்து சுற்றிச் சுற்றித்தான் தூக்கி வந்திருந்தார்கள். முதலில் புரிந்துகொண்டவர் ஃபிட்டர்தான். விரலைச் சுழற்றி, "பூசிங், பூசிங்" என்றார். மொத்தத்தையும் திருப்பு என்கிறார்.

கங்காணி ஒத்துக்கொள்ளவில்லை. திருப்புவதென்றால் பூசை போட்ட காலையும் பிடுங்க வேண்டும். மற்ற இரண்டு காலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. மஞ்சள் பூசிய காலைப் பிடுங்கினவன் வீட்டில் கேடு வரும். ஆட்களைப் பார்த்தார், எல்லாருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்தன. நீ பிடுங்கு என்று ஃபிட்டரிடம் கையைக் காட்டினார். சாமி காரியம், தனக்கு வேண்டாம் என்று அவரும் தலையை ஆட்டிவிட்டார்.

"சரி, அறுத்துட்டுப் போ. ஆளே போயிட்டான். போல்ட்டு இருந்து என்னா?" என்றார் கங்காணி.

அழக் கூடாது என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. அதோடுதான் சொன்னேன்.

"எங்க வீட்டுல வரவேண்டியது வந்துருச்சுங்க ஐயா. நான் புடுங்குறேன்."

யாரும் என்னைத் தடுக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து நட்டைக் கழற்றினேன். கால் நான் நினைத்ததைவிடக் கனம். கட்டிப் பிடித்து அசைத்தேன். மாவிலை நெஞ்சில் நசுங்கியது. அது போல்ட்டை விட்டு மேலே வந்த பிறகுதான் ஃபிட்டர் ஓடிவந்து மறுபக்கம் தாங்கினார்.

திருப்பி வைத்தார்கள். ஒவ்வொரு காலும் இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றும் இறங்கியது. பாவாடைத் துணியை அவிழ்க்க அவிழ்க்க மரை புதுசு மாதிரி மின்னியது. கடைசியாக வாய்க்கால் பக்கத்து மூலையில் மட்டும் தகடு இறங்க மறுத்தது. அங்கே போல்ட்டு சாய்ந்திருந்தது. கங்காணி என்னைப் பார்த்தார். ஃபிட்டர் ஒரு குழாயை அதில் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி நிமிர்த்தினார். கங்காணி ஏதாவது சொல்வார் என்று நின்றேன். போய்க் கையைக் கழுவு என்றார், அவ்வளவுதான்.

பிறகு கங்காணியின் பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது, தண்ணீர்க் குழாயில் பெண்கள் எனக்கு வழிவிட்டுத் தள்ளி நின்றார்கள். பிள்ளைக்குச் சரியாகிவிட்டது. அவர்கள் இன்னும் தள்ளித்தான் நிற்கிறார்கள். அண்ணன் குடித்துவிட்டு வேலை செய்தான் என்று மட்டும் இப்போது யாரும் சொல்வதில்லை.

கொட்டகை எழுந்த அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்கு முன்பே அம்மாவுக்குச் செய்தி போயிருந்தது. காலைப் பிடுங்கியதற்குத் திட்டுவாள் என்று வாசலிலேயே நின்றேன். என் கையில் ஒட்டியிருந்த மஞ்சளைப் பார்த்தாள். எல்லாம் பொருந்தியதா என்று கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் சாஞ்சிருந்துச்சும்மா."

"எந்த மூலை?"

"வாய்க்காப் பக்கம்."

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது கடைசி நாளு வச்சது," என்றாள். "போகாதடான்னுதான் சொன்னேன்."