வண்டி கூவும்வரை ஒரு குதிரை

அரியலூரில் கடிகாரத்தை யாரும் நம்புவதில்லை. ரயில் வந்தால்தான் மணி. நான் இங்கே வந்து சேர்ந்த புதிதில் கடலை மண்டி வாசலில் ஒருவர் என்னிடம் மணி கேட்டார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, பதினொன்றடித்து ஐந்து நிமிடம் என்றேன். அவர் என்னையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வண்டி இன்னும் வரலீங்களே, அதுக்குள்ள எப்புடிங்க பதினொண்ணு ஆவும்?" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கேலி செய்யவில்லை. பக்கத்தில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தவரும் தலையை ஆட்டினார். அன்று பதினொரு மணி வண்டி ஒரு மணிக்கு வந்தது. ஊரும் ஒரு மணிக்குத்தான் பதினொரு மணிச் சோம்பலை முறித்து எழுந்தது. ரங்கோனில் ஆலைச் சங்கைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே வளர்ந்தவன் நான். இந்த ஊருக்கு வந்து ஐந்து வருடத்துக்கு மேலாகியும் என் கடிகாரம் மட்டும் தனியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் வந்த ஒரு கேட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். காரைக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இன்னும் எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் ரங்கோன் நண்பர்கள், இதில் யார் பிழை என்று என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடும்.

நான் பிறந்தது ரங்கோன் கீமண்டைனில். மரக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. அங்கே பர்மியர்களுக்கு நாங்கள் 'கலா', அதாவது அந்நியர். இங்கே எங்களுக்கு 'ரங்கோன்காரர்' என்று பெயர். கம்பெனி கிடங்கில் ஷான் மலையிலிருந்து வந்த மட்டக்குதிரை ஒன்று இருந்தது. என் மகன் சூசை ஏழு வயதிலிருந்தே அதன் மேல்தான் கிடப்பான். நாற்பத்திரண்டில் குண்டு விழுந்து நாங்கள் வடக்கே நடக்கத் தொடங்கியபோது, மேனேஜர் அந்தக் குதிரையையும் எங்களோடு அனுப்பினார். சுமையோடு சூசையும் அதன் முதுகில் வந்தான். வழியில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றங்கரையில் தோணிக்காரன் ஆட்களை மட்டுமே ஏற்றுவேன் என்றுவிட்டான். "அது நீந்தும்ப்பா" என்றான் சூசை. அவனுக்கு அப்போது பத்து வயது. அவனைத் தேற்ற எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. "அது கம்பெனியுடையது, நம்முடையது இல்லை" என்று சொல்லி அவன் கையிலிருந்த கயிற்றை அவிழ்த்து வாங்கினேன். அதற்கு ஒன்பதாவது நாள் அவன் தாய் காலராவில் போனாள். அவளுடைய சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அவளில்லாமல் அங்கே போய் நின்று, சில மாதம் உறவினர் வீட்டில் இருந்துவிட்டு, வேலை கிடைத்து அரியலூருக்கு வந்தோம். சூசை பள்ளிக்கூடம் போனான், கோயிலுக்கு வந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான். ஐந்து வருடம் என்னிடம் அவன் எதுவும் வேண்டுமென்று கேட்கவில்லை.

நாற்பத்தேழு சித்திரையில் கேட்டான். மைசூர்ப் பக்கம் குதிரைப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற நிலக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். பட்டாளத்தார் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். அவர் வாலிபர் குதிரையேற்றக் குழு ஒன்று அமைத்துக்கொண்டிருந்தார். எட்டுப் பையன்கள், எட்டுக் குதிரைகள். சுதந்திரம் வரும் நாளில் பெரம்பலூரில் நடக்கும் ஊர்வலத்திற்கு அவர்கள்தான் முன்னால் போவார்கள் என்று பேச்சு. ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகள். "அப்பா, நான் சேரட்டுமா?" என்றான் சூசை. குதிரை வேண்டுமே என்றேன். "கேட்டுட்டேன்ப்பா" என்று என்னை ரயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

ரயிலடியில் ஜட்கா ஓட்டும் காதர் பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "தம்பி ஒரு மாசமா நம்ம குதிரையத் தேச்சு விடுதுங்க. புல்லறுத்துப் போடுது. நமக்கும் முதுகு வலி, வேணாம்னு சொல்வனா? சனி ஞாயிறு ரெண்டு வண்டிக்கு நடுவுல எடுத்துக்கிட்டுப் போவட்டும். ஒண்ணே ஒண்ணு. அடுத்த வண்டி கூவுறப்ப குதிரை இங்க நிக்கணும். அது நின்னாத்தான் நம்ம வூட்ல ஒல கொதிக்கும்." காலை வண்டி ஏழு மணிக்கு, அடுத்தது பதினொன்றுக்கு. அப்படியானால் எட்டிலிருந்து பத்தரை வரை என்று கடிகாரத்தைக் காட்டி நான் ஒழுங்கு செய்தேன். பாய் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. "மணி கிணியெல்லாம் வேணாங்க. தம்பிக்குக் காது இருக்குதுல்ல" என்றார்.

குழுவின் பதிவேட்டில் குதிரையின் பெயர் எழுத ஓர் இடம் இருந்தது. பாயிடம் கேட்டேன். "கூப்புட்டாத்தானுங்க பேரு வேணும்? அது என்னிக்கு என்னை வுட்டுப் போயிருக்கு, கூப்புடறதுக்கு?" என்றார். 'காதர் பாய் குதிரை' என்று எழுதிக் கொடுத்தேன். பட்டாளத்தார் படித்துவிட்டு, "குதிரை இன்னொருத்தருதா?" என்றார். ஆமாம் என்றேன். சூசையை ஏறச் சொல்லி மைதானத்தை மூன்று சுற்று சுற்ற வைத்தார். ஜட்காக் குதிரைக்கு ஆள் ஏறிப் பழக்கமில்லை. முதல் சுற்றில் முதுகை வளைத்துத் துள்ளியது. மூன்றாவது சுற்றில் தலையைத் தாழ்த்தி ஒழுங்காக நடந்தது. "யாருதா இருந்தா என்ன, கடிவாளம் இவன் கையில நிக்கிது. வரட்டும்" என்றார். அன்று வீடு திரும்பும் வழியில் சூசை சிரித்தான். அதை அன்றைய நாட்குறிப்பில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.

மற்றப் பையன்கள் அவனுக்கு 'ஜட்கா' என்று பெயர் வைத்தார்கள். "ஜட்கா, டேசனுக்கு வருமாடா?" என்பான் ஒருவன். "பொம்பளைங்களுக்குத் திரை கட்டியிருக்கானான்னு பாருடா" என்பான் இன்னொருவன். சூசை ஒருநாள், "வரும், ஆனா நீ ரெண்டு ஆளு கனம், குதிரை ஒத்துக்காது" என்று சொன்னானாம்; எல்லோரும் சிரித்தார்களாம். எனக்கு வந்து சொன்னான். மூன்று மாதம் இப்படிப் போயிற்று. ரயிலின் கூவல் தூரத்தில் கேட்டதும் மற்றவர்கள் நிற்க, இவன் மட்டும் குதிரையைத் திருப்பிக்கொண்டு ரயிலடிக்கு விரைவான். பட்டாளத்தார் அதைப் பொறுத்துக்கொண்டார். "ஊர்வலத்தன்னிக்கு இப்புடி ஓடக்கூடாது" என்று மட்டும் சொன்னார்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை ஒத்திகை வைத்தார்கள். ரயில் பாதையை ஒட்டிய மைதானம். பெரம்பலூரிலிருந்து அதிகாரிகள் பார்க்க வந்திருந்தார்கள். பதினொன்றுக்கு என்று முதலில் சொன்னார்கள். நான்தான் பட்டாளத்தார் வீட்டுக்குப் போய், ரயில் அட்டவணையைக் காட்டி, ஒன்பது மணிக்கு மாற்றச் செய்தேன். அந்த நேரத்தில் வண்டியே கிடையாது. பையன்கள் ஆறு மணிக்கே வந்து நிற்க வேண்டும் என்பதால், பாய் அன்று ஏழு மணி வண்டியை எங்களுக்காக விட்டுக் கொடுத்தார். "இந்த ஒரு வண்டிய வுட்டுடறேன். அதுக்கு அடுத்த வண்டிக்கு வந்துடணும் தம்பி" என்றார். ஏழு மணிக்கு ரயில் கூவியதா என்று நான் கவனிக்கவில்லை. என் கடிகாரத்தில் ஏழு தாண்டிவிட்டது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஒன்பது இருபதுக்கு எட்டுக் குதிரைகளும் ஒரே வரிசையில் அதிகாரிகளை நோக்கி வந்துகொண்டிருந்தன. சூசை இடமிருந்து நான்காவது. வெள்ளைச் சட்டை, கையில் சிறு கொடி. அப்போது வடக்கே ரயில் கூவியது. குதிரை காதைத் திருப்பியது, ஓரடி தயங்கியது. குதிரை தானாகத் திரும்பி ஓடிவிட்டது என்றுதான் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தயங்கத்தான் செய்தது, திருப்பியவன் சூசை. வரிசை நடுவில் பிளந்து, இரண்டு குதிரைகள் ஒன்றோடொன்று மோதின. அவன் கொடியோடு ரயிலடிக்குப் போனான். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது.

நான் பின்னாலேயே ஓடினேன். ஜட்காக்கள் நிற்குமிடத்தில் சூசை இறங்கி, கடிவாளத்தைப் பாயிடம் நீட்டிக்கொண்டு நின்றான். பாய் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். "இது ஏழு மணி வண்டி தம்பி! லேட்டா வருது. இதத்தானே வுட்டுக் குடுத்தேன்!" என்றார். ரயிலிலிருந்து இறங்கிய ஒருவர் டிரங்குப் பெட்டியோடு வந்து, "குதிரை இருக்குது, வண்டி எங்கப்பா?" என்று சூசையைக் கேட்டார். பாய் கையால் ஜட்காவைக் காட்டினார். "கொஞ்சம் இழுத்துப் புடிச்சிருக்கலாமேப்பா" என்றேன் நான். "கூவிச்சுப்பா. எந்த வண்டின்னு நான் எப்புடிப் பாக்கறது?" என்றான். கடிவாளத்தைப் பாயின் கையில் வைத்துவிட்டு, "குதிரை அவரோடதுப்பா" என்றான். ஆற்றங்கரையில் நான் சொன்னதை அவன் நினைத்துச் சொன்னானா, தெரியவில்லை. நான் நினைத்தேன்.

அன்று மாலையே பட்டாளத்தாரிடம் போனேன். அட்டவணை, தாமதம், பாயின் நிபந்தனை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பிழை என்னுடையது, நேரத்தை மாற்றச் சொன்னவன் நான்தான் என்றேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபக்காரர் என்று பெயரெடுத்தவர் அன்று கோபப்படவில்லை. "பையன் சொன்ன சொல்லுக்குத்தான் போனான். அது எனக்குப் புரியுதுங்க. ஆனா இன்னொருத்தர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன நான் எப்புடி என் வரிசையில வைக்கிறது? நீங்களே சொல்லுங்க." நான் விடைபெற்று எழுந்தபோது அவரே, "குதிரைங்க அவன் கிட்ட அடங்கி நிக்கிதுங்க. லாயத்துல இருக்கட்டுமே. பெரம்பலூருக்கும் வரட்டும், கூடப் புடிச்சிக்கிட்டு" என்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாசலில் நின்றிருந்த சூசை, "வரேங்க" என்றான்.

ஆகஸ்டில் அந்த நாள் வந்தது. முதல் நாள் காலையிலேயே குதிரைகள் பெரம்பலூருக்குப் புறப்பட்டுவிட்டன. நான் பஸ்ஸில் போனேன். கரிசல் மண் தூசியில் கடைவீதி முழுக்கக் காகிதக் கொடிகள். எட்டுப் பேரும் இருந்தார்கள். நான்காவது இடத்தில் குன்னத்திலிருந்து ஒரு மிராசுதார் மகன், வாங்கி ஒரு வாரமான குதிரையில். அது கூட்டத்தையும் மேளத்தையும் கண்டு மிரண்டதால், சூசை அதன் வாயோரம் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தான். "அந்தப் புள்ள மட்டும் ஏன் நடந்து வருது?" என்று என் அருகே ஒரு பெண் கேட்டாள். "அது குதிரைக்காரப் புள்ளங்க" என்றார் பக்கத்திலிருந்தவர். நான் ஊர்வலத்தில் சேராமலும், ஓரத்தில் நின்று பார்க்காமலும், சூசைக்கு நேராகக் கூட்டத்தை இடித்துக்கொண்டு கடைசிவரை நடந்தேன்.

கொடியேற்றம் முடிந்து மிட்டாய் கொடுத்த பிறகு, திருச்சியிலிருந்து வந்த படக்காரர் எட்டுக் குதிரைகளையும் நிறுத்தினார். வலது ஓரத்துக்கு மாற்றி நிறுத்தியும் குன்னத்துக் குதிரை நிற்கவில்லை. சூசை பிடித்தால் நின்றது. படக்காரர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "தம்பி, நீ கொஞ்சம் ஒதுங்கு. வுட்டுறாத, புடிச்சிக்கிட்டே ஒதுங்கு" என்றார். சூசை கையை நீட்டிக்கொண்டு, உடம்பைப் பின்னால் சாய்த்து ஒதுங்கினான்.

படத்தில் ஒரு பிரதி கேட்டபோது பட்டாளத்தார் வீட்டுக் கணக்கப்பிள்ளை, "இதுல ஒங்க பையன் இல்லீங்களே" என்றார். இருந்தாலும் வாங்கி வந்தேன். இந்த ஜனவரியில் பர்மாவும் சுதந்திரமடைந்தது. நான் பிறந்த ஊருக்குப் போக இனி அனுமதிச் சீட்டு வேண்டியிருக்குமாம். ரங்கோனிலேயே தங்கிவிட்ட என் மைத்துனி கடிதம் எழுதியிருந்தாள்: அக்காள் முகம் சூசைக்கு இருக்கிறதா என்று பார்க்க ஆசையாக இருக்கிறது, அவன் படம் ஒன்று அனுப்புங்கள் என்று. எங்களிடம் வேறு படம் கிடையாது. இதையே உறையிலிட்டு அனுப்பினேன். பின்பக்கத்தில் ஊரும் தேதியும் எழுதி, அதன் கீழே இப்படி எழுதினேன்: 'வலது ஓரத்தில், கடைசிக் குதிரையின் வாயருகே தெரியும் கை சூசையுடையது.'